கடல் காய்ந்த பிறகே பெயர்

"விரல வெச்சே, அவ்ளோதான் சொல்லிட்டேன்," என்றார் அவர்.

"நான் எதுக்கு வெக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் அவள். சொல்லும்போதே அவளுடைய ஆள்காட்டி விரல் ஜன்னல் கட்டையை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் அதே விரலால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள், அதற்காகவே கிளம்பிய விரல் போல.

சமையலறை ஜன்னல் கட்டையில், பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பக்கத்தில், ஒரு துண்டுக் கடல் காய்ந்துகொண்டிருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அகலம் அதற்கும் குறைவு. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல், சுண்டுவிரல் அளவு.

"பேர் என்ன அடிக்கட்டும்? இன்னிக்கு பிரஸ்ல வேலை கம்மி. மத்தியானமே அடிச்சுக் கொண்டாந்துடுவேன்."

"இதுக்கு நான் ஒரு பேர் வெச்சிருக்கேன்."

"நீங்களா? பெத்த பொண்ணுக்கு என்ன பேருன்னு கேட்டப்ப, 'ஏதாவது நல்லதா வை'ன்னுட்டுப் போனவர்தானே நீங்க?"

"அது மனுஷி. எந்தப் பேர் வெச்சாலும் வளந்துடுவா. இது கப்பல்."

"சரி, சொல்லுங்க."

"காயட்டும். காஞ்சதும் சொல்றேன்."

குப்பைப் பையின் வாயை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வாசலில் நின்று, "கதவச் சாத்திக்கோ, பூனை வந்து கடல்ல நடக்கப் போவுது," என்றார். கீழே போய்க் குப்பையைப் போட்டார். திரும்பி ஏறும்போது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்தார். மேலே வந்துகொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், காத்து வாங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரைத் தாண்டி நாலு படி ஏறினார். பிறகு திரும்பி இறங்கினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவர் பல்செட் செய்பவர். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார், இவர் பின்கட்டு அறையில் விளக்கடியில் உட்கார்ந்து மெழுகில் ஈறு செதுக்கிப் பல் நடுவார். "இந்த ஊர்ல பாதி பேர் நான் செஞ்ச பல்லாலதான் என்னைத் திட்டுறான்," என்பது அவர் பெருமை. செதுக்கும் கத்தி, மெழுகுக் கரண்டி, ஊசி மூக்கு இடுக்கி என்று பல்வேலைக்கான கருவிகள் எல்லாம் வீட்டிலும் ஒரு செட் இருந்தன. வீட்டில் அவை கப்பலுக்கு. கடலை அவர் நேரில் பார்த்ததே இரண்டு தடவைதான், அதிலும் ஒரு தடவை மழை.

கப்பலைச் செய்வதைவிட அதற்குக் கடல் செய்வதில்தான் அவருக்கு ருசி. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை வெட்டுவார். அதன்மேல் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து தடவி, முகம் துடைக்கிற மெல்லிய காகிதத்தைக் கசக்கி ஒட்டுவார். ஈரத்திலேயே மெழுகுக் கரண்டியால் தள்ளித் தள்ளி அலை எழுப்புவார். காய்ந்ததும் வர்ணம். நீலம் இல்லை. பச்சையும் கறுப்பும் சாம்பலும் கலந்த ஒன்று. "கடல் நீலம்னு சொன்னவன் காலண்டர்ல பாத்திருப்பான்," என்பார். "பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்குங்க," என்பாள் அவள். "அதேதான். அதுக்குத்தான் ஜன்னல்கிட்ட உக்காந்து கலக்குறேன்."

வர்ணத்துக்கு மேல், கப்பலின் முன்மூக்கு தண்ணீரைக் கிழிக்கிற இடத்தில் வெள்ளை நுரை. அங்கிருந்து இரண்டு பக்கமும் விரிந்து போகும் கோடுகள். பின்னால் கப்பல் கடந்து வந்த தடம். எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்புக்கு ஒரு பூச்சு. அது முழுதாகக் காய ஒரு நாள் ஆகும். காய்ந்த பிறகுதான் அவள் வேலை.

அவள் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறவள். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கண்ணீர் அஞ்சலி, தள்ளுபடி நோட்டீஸ், எது வந்தாலும் அவள் கை வழியாகத்தான் போகும். வீட்டுக்கென்று அவள் அடித்தது கப்பல் பெயர்கள் மட்டும். நாலு பாயின்ட் எழுத்து, எறும்பு எழுத்து மாதிரி. எழுத்து வெள்ளை, பின்புறம் அந்தந்தக் கடலின் நிறம். ஒவ்வொரு தடவையும் அவர் கலக்கும் கடல் ஒவ்வொரு நிறத்தில் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் அவள் திரையில் நிறம் தேட வேண்டியிருந்தது. ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து, அறுவைசிகிச்சைக் கத்தியால் வெட்டி, வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளைக்கு நுனிப் பிரஷ்ஷால் கடல் வர்ணம் தொட வேண்டும். அந்த வெள்ளை ஓரம் தெரிந்துவிட்டால் கப்பலுக்கு விலைச்சீட்டு ஒட்டியது போல ஆகிவிடும். பெயர் எப்போதும் பின்னால்தான். மேஜை ஆட்டத்தில் கப்பலை ஓட்டுகிறவன் குனியாமல் படிக்க வேண்டும், எதிரே இருப்பவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் வைப்பதும் அவளே. உண்மையில் எங்கும் இல்லாத இரண்டு நாடுகளின் கப்பற்படை அது. நம் பக்கத்துக்கு 'துணிவு', 'வாய்மை', 'பொறுமை', 'ஊக்கம்'. எதிரிப் பக்கத்துக்கு 'ஆணவம்', 'பொறாமை', 'புறணி', 'வீண்செலவு'. 'புறணி' என்ற கப்பலுக்கு யார் காரணம் என்று அவருடைய அக்காவுக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

இருவருக்கும் இடையே ஒரே ஒரு சட்டம் இருந்தது. கடல் காயாமல் பெயர் ஒட்டக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு தடவை அவசரப்பட்டு ஒட்டி, பூச்சு தாளுக்குள் ஏறி, 'வாய்மை' எழுத்தெல்லாம் கலங்கிப் போயிற்று. "வாய்மையே போச்சே," என்று அவர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அந்தச் சட்டம். காய்ந்ததா என்று பார்ப்பதற்கு அவள் விரலை வைப்பாள், அவர் திட்டுவார். இதுவும் சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

வந்தவர்கள் வந்தார்கள், அழுதவர்கள் அழுதார்கள். மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அஞ்சலி நோட்டீஸை வேறு ஆள் கட்டுகிறேன் என்று அச்சக முதலாளி சொல்லியும் கேட்காமல் அவளே கட்டினாள். அவருக்காக அவ்வளவு பெரிய எழுத்தில் எதையும் அவள் அதற்குமுன் அடித்ததில்லை. பெயரை ஒரு தடவை சின்னதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பெரிதாக்கினாள்.

மகள் போன பிறகுதான் ஜன்னல் கட்டை கண்ணில் பட்டது. நாரை மாற்றப் போனவள் விரலை வைத்தாள். ஒட்டியது. எடுத்தபோது நூலிழைபோல ஒரு பிசின் கூடவே வந்து அறுந்தது.

"இன்னுமா காயல?" என்று சத்தமாகவே கேட்டாள். பதிலுக்குத் திட்டு வரவில்லை.

மின்விசிறிக்கு அடியில் வைத்தாள். வெயிலில் வைத்தாள். தலை உலர்த்தும் கருவியைத் தூரப் பிடித்துக் காட்டினாள். மறுநாளும் ஒட்டியது. அதற்கு மறுநாளும்.

"அம்மா, ஒரு சின்ன அட்டையக் கட்டிட்டு அழாதம்மா," என்றாள் மகள் போனில். "எல்லாத்தையும் கேப்டன் மாமாகிட்ட குடுத்துடு. அப்பா அவங்களுக்குத்தான தர்றேன்னு சொல்லியிருந்தாரு?"

"குடுக்கத்தான் போறேன். இது ஒண்ணுதான் பாக்கி."

"அதுக்கு ஒரு பேர் வெச்சு ஒட்டிக் குடுத்துடு. மத்ததெல்லாம் நீதான வெச்ச?"

"இதுக்கு அவர் வெச்சுட்டாரு."

"என்ன பேரு?"

அவள், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

கேப்டன் என்பவர் கப்பலில் கால் வைத்தவர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கார் பழக வருகிறவர்களிடம், "திருப்ப இவ்ளோ நேரமா? என்ன கப்பலா ஓட்டுறீங்க?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பட்டம் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஸ்கூலின் வகுப்பறையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, கடல் நிறத்தில் துணி விரித்து, நாலைந்து பேர் கப்பல் சண்டை ஆடுவார்கள். இரண்டு படைகளையும் முழுசாக இறக்கி ஒரு பெரிய ஆட்டம் என்று அவள் வீட்டுக்காரர் போவதற்கு முன்பே நாள் குறித்திருந்தார்கள். அதற்காகத்தான் கடைசிக் கப்பலில் அவர் அவ்வளவு வேகமாக இருந்தார்.

கேப்டன் ஒரு சனிக்கிழமை வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஆட்டத்தத் தள்ளி வெச்சிடலாம்னு பாத்தோம் அண்ணி. அப்புறம், அண்ணன் இருந்தா 'கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வெக்காதீங்கடா'ன்னு சொல்லுவாருன்னு..."

"ஆடுங்க தம்பி. ஆடத்தான செஞ்சாரு."

பெட்டிகளைத் திறந்து காட்டினாள். கேப்டன் ஒவ்வொன்றாகப் பெயர் படித்துச் சிரித்தார். 'புறணி'யைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் சிரித்தாள். பிறகு ஜன்னலிலிருந்து அந்தக் கடைசிக் கப்பலைக் கொண்டுவந்து வைத்தாள்.

கேப்டன் அதைக் கிட்டே இழுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் இத மாத்தி ஒட்டிட்டாரு."

"எத?"

"கப்பல. இங்க பாருங்க, நுரை எல்லாம் வால் பக்கம் இருக்கு. தடம் மூக்குப் பக்கமா போவுது. கப்பல் பின்னாடி பாத்து ஓடுது."

அவள் பார்த்தாள். உண்மைதான். இத்தனை நாள் விரல் வைத்தவள் கண்ணை வைக்கவில்லை. கடைசி நாட்களில் அவருக்குக் கண் தெரியாமல் போயிருந்ததா? கை தடுமாறியதா? தான் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமா? படிக்கட்டில் உட்கார்ந்த அந்த நிமிஷத்துக்கு முன்னால் வேறு ஏதாவது அறிகுறி இருந்திருக்குமோ என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இல்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாள்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்றார் கேப்டன். "அடியில கத்தி குடுத்து நெம்பினா வந்துடும். திருப்பி ஒட்டிக்கலாம்."

"இருங்க."

அவருடைய பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். பல்லின் விளிம்பு பார்க்கிற கண்ணாடி, நெற்றியில் மாட்டிக்கொள்வது. அதை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

கப்பலுக்கு முன்மூக்கு இல்லை. உடைந்த இடம் அரத்தால் ஒழுங்காகத் தேய்க்கப்பட்டிருந்தது. கிழிந்த தகரம் சுருண்டதுபோல மயிரிழையளவு கம்பிகள் ஒட்டி, கருகலுக்குக் கறுப்பு தொட்டிருந்தது.

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆட்டத்துக்கு நாள் குறித்த வாரம், மேஜையிலிருந்து ஒரு கப்பல் கீழே விழுந்தது. "மூக்கு போச்சு," என்றார். "தூக்கிப் போட்டுட்டு வேற செய்யுங்க," என்றாள் அவள், அடுப்படியிலிருந்தே. "பல்லு போனா ஆளையே தூக்கிப் போடுறோமா?" என்றார் அவர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறு செய்துவிட்டார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றி கேப்டனிடம் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடடா," என்றார். இன்னொரு தடவை "அடடா" என்றார்.

"மூக்கு உடஞ்ச கப்பல் முன்னாடி போனா தண்ணி நேரா உள்ள அடிக்கும் அண்ணி. நடுவுல இருக்கிற தடுப்பும் பிச்சுக்கும். அதான் ரிவர்ஸ்லயே வீட்டுக்குப் போவாங்க. மெதுவா. அண்ணன் அதத்தான் செஞ்சிருக்காரு." கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒரு மடையன். டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவன், ரிவர்ஸ் போற வண்டியப் பாத்துத் தப்புன்னு சொல்லிட்டேன்."

அவள் கப்பலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கை தடுமாறவில்லை. கண் தெரிந்திருக்கிறது, நன்றாகவே.

"பேர் என்ன?" என்று கேட்டார் கேப்டன். "பேர் இல்லாம இறக்க முடியாது அண்ணி. சீட்டுல கப்பல் பேரப் போட்டுத்தான் உத்தரவு எழுதணும்."

"ஒரு வாரம் குடுங்க," என்றாள்.

அந்த வாரம் மதிய வேளைகளில் பெயர் அடித்துப் பார்த்தாள். 'மீட்சி'. 'தப்பித்தவன்'. 'வீடு'. 'முரண்டு'. அச்சாகி வந்ததும் ஒவ்வொன்றையும் வெட்டி, ஓரத்துக்கு வர்ணம் தொட்டு, அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் நல்ல பெயர்கள்தான். எல்லாம் அவள் வைத்த பெயர்கள். காஞ்சதும் சொல்றேன் என்றவர் மனதில் வேறொன்று இருந்தது. அவரோடு அத்தனை வருஷம் இருந்தும், சாம்பார் கரண்டியை எங்கே வைப்பார் என்பது வரை தெரிந்தும், அது என்னவென்று அவளால் ஊகிக்க முடியவில்லை. ஒருவேளை அவளைச் சீண்டுகிற பெயராக இருக்கும். ஒருவேளை ஒன்றுமே வைத்திருக்கவில்லையோ என்னவோ, சும்மா சொன்னாரோ.

வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து வரும் வழியில் பெயின்ட் கடையில் ஏறினாள். கப்பலை டிபன் டப்பாவில் வைத்து எடுத்துப் போயிருந்தாள். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் ஏதோ சாப்பாடுன்னு நெனச்சேன்," என்றார். நகத்தால் ஓரத்தை மெல்ல அழுத்தினார்.

"அடியில தண்ணிப் பசை கனமா போட்டிருக்காங்க. அது காயறதுக்குள்ள மேல எண்ணெய் வார்னிஷ பூசிட்டாங்க. உள்ள இருக்கிற ஈரத்துக்கு வெளிய வர வழியில்ல. அவசரக்காரங்க வேலைம்மா இது."

"அவர் அவசரப்படுற ஆள் இல்ல."

"அப்ப அன்னிக்கு மட்டும் பட்டிருக்காரு. இத சுரண்டிட்டு வேற பூசுங்க, அஞ்சு நிமிஷம்."

"சுரண்டாம காய வெக்க முடியாதா?"

"முடியாது."

"எவ்ளோ நாள் ஆனாலும்?"

"நீங்களும் நானும் போனப்புறம் வந்து பாத்தாலும் இப்படியேதான் இருக்கும்," என்றார் கடைக்காரர். சொன்ன பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று டப்பாவைத் தானே மூடிக் கொடுத்தார். அவளுக்கு வருத்தமாக இல்லை. வீடு வரும்வரை டப்பாவை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பறைச் சுவரில் 'ஒலி எழுப்பாதே', 'முந்தாதே' படங்களுக்குக் கீழே இரண்டு படைகளும் எதிரெதிரே நின்றன. நம் படைக்குக் கேப்டன், எதிரிப் படைக்கு மருந்துக்கடைக்காரர். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர், சட்டம் பேசாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று கேப்டன் சொல்வார். அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் டிபன் டப்பாவைத் திறந்து, நம் பக்கத்து வரிசையின் ஓரத்தில் அந்தக் கப்பலை வைத்தாள். மூக்கு எதிரியைப் பார்த்து, வால் வீட்டைப் பார்த்து.

"பேர் எங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இன்னும் கடல் காயல," என்றாள் அவள். "காயாம பேர் ஒட்டுறதில்ல. எங்க வீட்டுச் சட்டம்."

அவர் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் கூரையைப் பார்த்தார்.

"சரி," என்றார் மருந்துக்கடைக்காரர். "அப்ப இதுக்கு உத்தரவு எழுத முடியாது. உத்தரவு இல்லாத கப்பல், போற திசையிலயே போற வேகத்துல போயிட்டே இருக்கும். அதான் விதி."

"போகட்டும்," என்றாள்.

போயிற்று. சுற்றுக்குச் சுற்று கேப்டன் அளவுகோலை வைத்து அதைப் பின்னுக்கு நகர்த்தினார், ரெண்டு விரல், ரெண்டு விரல். நடுவில் 'துணிவு' மூழ்கியது. 'வீண்செலவு' தீப்பிடித்தது. "நல்லா வேணும்," என்றாள் அவள் தன்னையறியாமல். மூன்றாவது சுற்றில் 'ஆணவம்' சரியான தூரத்தில் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் பகடையைக் கையில் எடுத்தார்.

"சுடுறேன்."

"யாரை?" என்றார் கேப்டன்.

"இதோ, இத."

"இதுன்னா எது? பேர் சொல்லிச் சுடணும். அதுவும் விதிதான?"

மருந்துக்கடைக்காரர் பகடையைக் கீழே வைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அறையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"செத்தும் ஆடுறான்யா அந்தப் பல்லுக்காரன்," என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்கம்மா."

"சரியாத்தான சொன்னீங்க," என்றாள் அவள்.

பகடையை அவர் வேறு கப்பலுக்கு உருட்டினார். 'பொறுமை' அதில் அடிபட்டது. ஆட்டம் முடிகிற நேரத்துக்கு அந்தக் கப்பல் முதுகு காட்டாமல், யார் சுட்டும் படாமல், மேஜையின் வீட்டு விளிம்பைத் தாண்டியது. விளிம்பைத் தாண்டியதைக் கையில் வாங்க வேண்டும் என்பதும் விதியாம். கேப்டன் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மொத்தத்தில் யார் ஜெயித்தார்கள் என்று அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கிளம்பிவிட்டாள்.

மற்ற கப்பல்களெல்லாம் பெட்டிகளோடு கேப்டனிடமே இருக்கின்றன. அடித்து வைத்த பெயர்களை அவள் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டாள், வேறு கப்பலுக்கு ஆகும் என்று. இது ஒன்று மட்டும் ஜன்னல் கட்டையில், நாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூனை வரும் என்று கதவைச் சாத்தியே வைக்கிறாள்.

இன்று காலையும் விரல் வைத்துப் பார்த்தாள். ஒட்டியது.